சரிவுக்கு மூன்று வருஷம் ஓய்வு

பிஷ்கெக்
மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்தால் அண்ணன் எடுக்கிறான், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறான். வீட்டில் இருப்பதோ ஒரே போன். அதனால்தான் இந்தக் கடிதம். வாராவாரம் வேனில் இறைச்சி ஏற்றிக்கொண்டு இங்கே தலைநகரச் சந்தைக்கு வரும் சாத்திபால்தி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்று ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

அவன் உங்களிடம் என்ன சொன்னானோ தெரியாது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் சூழல் கொள்கைத் துறையில் கடைசி வருஷம் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரைக் கொடுப்பார்கள். அந்த ஊரின் மேய்ச்சல் நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். வெறும் பரீட்சைத் தாள் இல்லை, ஊர்மன்றம் ஏற்றுக்கொண்டால் ஊருக்கு அதுதான் சட்டம். எனக்கு நம் ஊரே விழுந்தது. குலுக்கலில் விழுந்தது அண்ணி, நான் கேட்டு வாங்கவில்லை. இதைச் சொல்வதற்குள் அவன் கத்த ஆரம்பித்துவிட்டான்.

நான் எழுதி ஊருக்கு அனுப்பிய வரைவு இவ்வளவுதான். ஊருக்குப் பின்னால் இருக்கும் கிழக்குச் சரிவை மூன்று வருஷம் மூட வேண்டும், ஓர் ஆடுகூட ஏறக் கூடாது. கோடையில் மந்தைகள் கணவாய் தாண்டி உசூன்-புலாக்குக்குப் போக வேண்டும். அங்கே புல் முழங்கால் உயரம் நிற்கிறது, மேய்க்க ஆளில்லை. இங்கே சரிவில் ஒரு மரக்கன்றுகூடத் தலைதூக்க முடியவில்லை. போன வசந்தத்தில் சேறு இறங்கி புப்யுஷ் அக்கா வீட்டுத் தொழுவத்தை மூடியதே, நீங்களும்தானே மண்வெட்டியோடு போய் அள்ளினீர்கள்? அடுத்த தடவை அது தொழுவத்தோடு நிற்காது.

"உன் திட்டத்தை மன்றத்துக் கதவுல ஒட்டியிருக்காங்க. அது நிறைவேறுச்சுன்னா நீ இந்த வாசப்படிய மிதிக்காத" என்றான். நாலு வருஷமாக 'என் தங்கச்சி புல்லு மந்திரி ஆகப் போறா' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவனும் இவன்தான்.

அம்மா அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அவன்தான் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள்கூட என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தியதில்லை. ஆட்டுக்காகவா இவ்வளவு? நீங்களாவது சொல்லுங்கள். சாப்பிடவே பிடிக்கவில்லை.

உங்கள் சாய்கல்

---

ஊரிலிருந்து
மார்ச் 14

படிப்புக்காரிக்கு அண்ணி எழுதுவது.

நாத்தனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எழுதலாமோ என்னவோ, வம்பு எதற்கு, படிப்புக்காரியாகவே இரு.

சத்தியம் செய்த மனிதர் உன் கடிதத்தை உன் அண்ணன் முன்னாலேயே என்னிடம் நீட்டினார். "உங்க தங்கச்சி குடுத்தா. உங்களுக்குத் தெரியாம குடுக்கணுமாம்" என்று அவரிடமே விளக்கமும் சொன்னார். உன் அண்ணன் ஆட்டைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டார். படி என்றும் சொல்லவில்லை, படிக்காதே என்றும் சொல்லவில்லை.

இப்போது ஆடுகள் குட்டி போடும் காலம். மனிதர் பேசுவதெல்லாம் ஆடுகளோடுதான். நேற்று ஒரு கிடா உன் பழைய பூட்ஸை மென்றுகொண்டிருந்தது. பிடுங்கி, துடைத்து, அலமாரிக்குள் வைத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெளிய கெடந்தா எலி வரும்" என்றார். பூட்ஸுக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. "படிக்க அனுப்புனா நமக்கே வேட்டு வைக்குதுங்க" என்று ஒரு கட்சி. "அந்தப் பொண்ணு வாய்ல சர்க்கரை போடணும்" என்று புப்யுஷ் அக்கா கட்சி.

உன் அண்ணன் கோபம் ஆட்டுக்காக இல்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே. சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நீ கேட்காமலே சொல்லியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியாதா. ஒன்றே ஒன்று நான் கேட்கிறேன். மூடுவதை அடுத்த வருஷத்திலிருந்து வைத்துக்கொள்ள முடியுமா? இந்த ஒரு கோடை மட்டும் போகட்டும். முடியாதென்றால் விட்டுவிடு, இதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உனக்குப் பிடித்த எண்ணெய்ப் பலகாரம், போர்சோக், சுட்டு அனுப்பியிருக்கிறேன். மாமா வழியில் தின்றது போக மிச்சம் உனக்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

---

பிஷ்கெக்
மார்ச் 27

அண்ணிக்கு,

போர்சோக் வந்தது. கொஞ்சமாகத்தான் வந்தது.

நீங்களும் 'அடுத்த வருஷம்' என்று கேட்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஆசிரியை ரைசா பெத்ரோவ்னா வகுப்பில் அடிக்கடி சொல்வார்: "யாருமே வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அடுத்த வருஷம்னுதான் சொல்லுவாங்க. ஆரல் கடல் அப்படித்தான் வத்திப்போச்சு."

என்ன காரணம் என்றும் சொல்ல மாட்டீர்கள், ஒரு வருஷம் மட்டும் வேண்டும் என்றால் நான் எதை வைத்துக் கொடுப்பது? சொந்த வீட்டுக்காகத் தள்ளிப்போட்டாள் என்று நாளைக்கு ஊர் பேசாதா? அப்புறம் நான் எழுதிய எதை யார் மதிப்பார்கள்? முடியாது அண்ணி. திட்டத்தின் இறுதி வடிவத்தை நேற்று துறையில் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் ஊர்மன்றத்துக்கு வரும்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நான் வீட்டுக்கு வராதது இதுதான் முதல் தடவை. விடுதியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து முளைக்கோதுமையில் சுமலாக் களி கிண்டினோம். பாட்டும் கூத்துமாக இருந்ததில் அடிப்பிடித்துவிட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாய்கல்

---

ஊரிலிருந்து
ஏப்ரல் 5

படிப்புக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு நாலு பக்கம் எழுதியிருப்பேன். கடைசி வரிக்கு வந்ததும் போய்விட்டது. அடுத்த தடவை அழுகையை முதலில் எழுது, அண்ணிக்குக் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

இதை எழுதக் கூடாது. எழுதும்போதே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துப்பிக்கொள்கிறேன். நான் முழுகாமல் இருக்கிறேன். ஜூலையில் பிறக்கும்.

குளிர்காலச் சட்டைக்குள் யாருக்கும் தெரியவில்லை. வயிறே காட்டிக்கொடுக்கும்வரை நாமாகச் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். என் அம்மாவுக்கே சொல்லவில்லை. முன்னால் இரண்டு தங்கவில்லை என்று உனக்குத் தெரியும். இரண்டாவது எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் உன் அண்ணன் என்னை வீட்டில் ஓய்வாக இரு என்று விட்டுவிட்டு, மந்தையோடு தனியாக மேலே போனார். அது போன அன்றைக்கு வீட்டில் நாயைத் தவிர யாருமில்லை. அவர் வந்து என்னைப் பார்த்த முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. "இனிமே நான் எங்கயோ நீ அங்க" என்றார். அதிலிருந்து என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கேயும் தங்குவதில்லை.

கிழக்குச் சரிவில் கூடாரம் போட்டால் ஒரு வலி வந்ததும் என்னை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாம். உசூன்-புலாக்குக்குப் பாலம் உடைந்து எத்தனை வருஷம் ஆகிறது. ஆற்றைக் குதிரையில்தான் தாண்ட வேண்டும். பனி உருகிப் பெருகும் ஜூலை மாதத்து ஆற்றை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் உன்னிடம் என்ன சொல்ல முடியும்? காரணத்தைச் சொன்னால் கண் படும். சொல்லாவிட்டால் நீ கேட்க மாட்டாய். அதனால் ஆட்டைச் சாக்கு வைத்துக் கத்திவிட்டார். கத்திப் பழக்கமில்லாத மனிதர் கத்தினால் அளவு தெரியாமல்தான் போகும். அன்றைக்கு முழுக்க அவரும் சாப்பிடவில்லை.

நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. திட்டத்தை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல உன்னை விட்டால் வேறு யாரும் இல்லை.

அண்ணி

---

பிஷ்கெக்
ஏப்ரல் 11

அண்ணி,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதிய கையை என்ன செய்ய. திட்டத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். படிப்பில் ஒரு வருஷம் போகும், போனால் போகட்டும்.

ஏப்ரல் 13

மேலே இருப்பதை அன்றைக்கு அனுப்ப முடியவில்லை, மாமாவின் வேன் பழுது. அதுவும் நல்லதுக்குத்தான்.

நேற்று ரைசா பெத்ரோவ்னாவிடம் போனேன். யார் என்று சொல்லவில்லை, ஒரு வீட்டில் இப்படி என்று மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீ ஊற்றிக் கொடுத்தார். "சரிவுக்கு ஓய்வு குடுக்குற, நல்லது. அதோட பாரத்தை யார் தலையில ஏத்துற?" என்று கேட்டார். முதல் வருஷமே இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். என் திட்டத்தில் ஆடு இருக்கிறது, குதிரை இருக்கிறது, புல், மரம், மண் எல்லாம் இருக்கிறது. மேலே போய்க் கூடாரம் போட்டு, பால் கறந்து, பிள்ளை பெற்று வருகிற பெண்கள் இல்லை. அந்தக் கூடாரத்திலேயே வளர்ந்தவள் எழுதிய திட்டம் இது. வெட்கமாக இருக்கிறது.

புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருக்கிறேன். முதலில் பாலத்தைச் சரிசெய்ய வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்டு முடியும்வரை உசூன்-புலாக்கில் ஒரு நர்ஸ் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சரிவை மூடலாம். பாலம் ஊர் சேர்ந்து கை கொடுத்தால் முடிகிற வேலை. நர்ஸை அனுப்ப மாவட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது, இதுவரை கேட்ட ஊர்தான் இல்லை.

என் பயம் வேறு. 'யாருக்குய்யா நர்ஸு' என்று சிரித்து, அந்தப் பிரிவை மட்டும் மன்றத்தில் அடித்துவிடலாம். மிச்சம் அப்படியே நிறைவேறிவிடும். அவர்கள் கைக்குப் போன பிறகு நான் ஒன்றும் செய்ய முடியாது. நேரில் வந்து பேசலாம் என்றால் அதே நாளில்தான் இங்கே எனக்கு வாய்மொழித் தேர்வு. உங்கள் பேரை எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே திரும்ப வாங்கிவிடுகிறேன். சத்தியமாக எனக்கு வருத்தம் இருக்காது.

சாய்கல்

---

ஊரிலிருந்து
ஏப்ரல் 19

படிப்புக்காரிக்கு,

வாங்காதே. அந்தத் தொழுவத்தை ஒட்டிய அறையில்தான் புப்யுஷ் அக்கா பிள்ளைகள் தூங்குகிறார்கள். என் வயிற்றில் இருப்பது மட்டும்தான் பிள்ளையா?

வேன் கிளம்புகிறது, மிச்சம் பிறகு.

அண்ணி

---

ஊரிலிருந்து
ஏப்ரல் 29

படிப்புக்காரிக்கு,

நேற்று மன்றம் கூடியது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பள்ளிக்கூட அறையில் ஊரே இருந்தது. ஆண்கள் முன்னால், நாங்கள் சுவரோரம். மூன்று வருஷ ஓய்வு என்று வாசித்ததும் ஆளுக்கு ஆள் கூச்சல். கடைசியில் புப்யுஷ் அக்கா புருஷன் எழுந்தார். "என் தொழுவத்துக்கு வந்து சேத்தை அள்ளுறவன் மட்டும் எதிர்த்துப் பேசட்டும்" என்றார். அதற்கப்புறம் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. உன் அண்ணன் கையைத் தூக்கவில்லை.

பிறகு மன்றத் தலைவர் தெமிர்பெக் உன் புதுப் பிரிவை வாசித்தார். வாசித்து முடிக்கவில்லை, சிரிப்பு.

"ஆட்டுக்கு ஊசி போடவா நர்ஸு?"

"எங்கம்மா என்னைய மேய்ச்சல்லதான் பெத்தா. எந்த நர்ஸு வந்தா?"

"அதான் மூளை இப்படி இருக்கு" என்றார் யாரோ. இன்னும் சிரிப்பு.

தலைவரும் சிரித்தார். "மேல போற வீடுங்கள்ல யாரும் முழுகாம இருக்கிறதா எனக்குத் தெரியல. இந்த ஒண்ண எடுத்துருவோம், மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று பேனாவைத் திறந்தார்.

நான் உன் அண்ணனைப் பார்த்தேன். தொப்பியை முழங்காலில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். சொன்னால் எனக்குக் கண் படும். சொல்லாவிட்டால் நர்ஸ் இல்லாத மலைக்கு என்னைக் கூட்டிப்போக வேண்டும். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி அவருக்கு. அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் எழுந்தேன். இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தியவள் இல்லை. "எனக்கு ஜூலைல பிள்ளை பிறக்கும். முன்னாடி ரெண்டு போச்சு. இது எனக்கு வேணும். பேனாவ மூடுங்கய்யா" என்றேன்.

பின்வரிசையிலிருந்து முதலில் ஒரு கிழவர் த்து, த்து, த்து என்று துப்பினார், கண் படாமலிருக்க. அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் துப்பினார். அப்புறம் அவருக்குப் பக்கத்திலிருந்தவர். சற்று முன்னால் சிரித்த வாய்களெல்லாம் என் பிள்ளைக்காகத் துப்பிக்கொண்டிருந்தன. "இந்தத் தரைய நாளைக்கு யாரு கழுவுறது" என்று வாத்தியார் புலம்பினார்.

அப்போது என் பக்கத்திலிருந்து கனிகே எழுந்தாள். போன வருஷம்தான் கல்யாணமாகி வந்த சின்னப் பெண். "எனக்கு ஆகஸ்டு" என்றாள். அவள் மாமியார் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, எங்கிட்டகூடச் சொல்லலையே" என்றாள்.

தலைவர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நீ எழுதியது எழுதியபடியே நிறைவேறியது.

வீட்டுக்குத் திரும்பும்போது உன் அண்ணன் வழக்கம்போல முன்னால் நடந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் பத்தடி தள்ளியே வந்தேன். கடைத் திருப்பத்தில் நின்றார். திரும்பி வந்தார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிருதா?" என்றார். குளிரவில்லை. ஆமாம் என்றேன்.

பாலம் போடும் வேலைக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்துவிட்டார். உன்னைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

அண்ணி

---

பிஷ்கெக்
மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

வகுப்பில் எல்லாருக்கும் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டும்போல இருந்தது. காட்டவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எனக்குத் தேர்வு முடிந்தது. "மேய்ச்சல் திட்டத்துல நர்ஸுக்கு என்ன வேலை?" என்று ஒரு பரீட்சகர் கேட்டார். "மேய்ச்சலுக்கு ஆடு தனியாப் போறதில்லைங்க" என்றேன். எழுதிக்கொண்டார். தேறிவிட்டேன். இதை அண்ணனிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஊரறியச் சொல்லிவிட்டீர்களே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தைக்குப் போய்க் கண்மணிக் கயிறு ஒன்று வாங்கினேன். படித்து முடித்துப் பட்டம் வாங்கப் போகிறவள் கண்ணேறுக்குக் கயிறு பேரம் பேசினாள். இதோடு வைத்திருக்கிறேன், கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

கோடைக்கு இங்கேயே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அண்ணன் வா என்று சொல்லாமல் நான் வர மாட்டேன். அவனுடைய தங்கைதானே நானும், பிடிவாதத்துக்கு எங்கே போவேன். அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வராதே என்றது என்னைக் கொன்றுவிட்டது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனமாக எதையும் தூக்காதீர்கள்.

உங்கள் சாய்கல்

---

உசூன்-புலாக்
ஜூலை 27

படிப்புக்காரிக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுப் படி.

குதிரைப் பால் கறந்துகொண்டிருந்தபோது வலி எடுத்தது. நர்ஸ் எல்னுரா உன் வயசுப் பெண், குதிரையைக் கண்டால் நடுங்குவாள். அன்றைக்கு அத்தனை குதிரைகளுக்கும் நடுவில் புகுந்து ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை வந்தது, ஆனால் அழவில்லை. நிறமே சரியில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தத் தடவையும் போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் ஏதோ செய்தாள், ஒரு குழாய் வைத்து உறிஞ்சினாள், முதுகைத் தேய்த்தாள், தன் வாயால் ஊதினாள். வெளியே உன் அண்ணன் கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். குழந்தை வீறிட்டதும் கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கூடாரம் ஒரு பக்கம் சரிந்தது எனக்கே தெரிந்தது.

அப்புறம் பக்கத்துக் கூடாரப் பெண்களெல்லாம் வந்தார்கள். எல்னுராவுக்கு மரியாதையாகப் புதுச் சட்டை போர்த்தி, கன்னத்தில் முத்தம் கொடுத்து, "குழந்தைக்கு இனி நீதான் தொப்புள்தாய்" என்றார்கள். கொடியை வெட்டியவள்தானே தொப்புள்தாய், பெற்றவளுக்குச் சமமாக ஆயுசுக்கும் அந்த உரிமை அவளுக்குத்தானே. உன் அண்ணன் உள்ளே வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இந்தப் பொண்ணுக்குக் குதிரை கேட்டாலும் குடுப்பேன். என் கூடப்பொறந்தவ மாதிரி அவ. ஆனா எம்மகளுக்குத் தொப்புள்தாய் என் தங்கச்சிதான்" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். "உன் தங்கச்சி பிஷ்கெக்ல இல்ல இருக்கா? கத்தரிக்கோலப் பிடிச்சது இவ" என்றாள் ஒருத்தி.

"இந்தக் கத்தரிக்கோல மலை ஏத்திக் கொண்டாந்தது அவ கையெழுத்து" என்றார்.

எல்னுராதான் முதலில் தலையாட்டினாள். உன் அண்ணன் குழந்தையை வாங்கி அதன் காதில் உன் பேரைச் சொன்னார். அவளுக்கு நீ யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் பார்த்தேன், நானும் அழுதேன்.

நாற்பதாம் நாள் நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டத் தொப்புள்தாய் இருக்க வேண்டும். இப்போது அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, எழுதிவிட்டாயா எழுதிவிட்டாயா என்று நச்சரிக்கிறார். மன்னிப்பு, கின்னிப்பு எதுவும் அவர் வாயிலிருந்து வராது, எதிர்பார்க்காதே. உன்னை ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். உன்னைக் கூட்டிக்கொண்டு போகப் புதுப் பாலத்துக்கு வரும்போது சிவப்புக் குதிரையைக் கொண்டுவரட்டுமா, வெள்ளைக் குதிரையையா?

அண்ணி